ஒருமுனை மின்னோடியின் தொடக்க ஆளி

ஒருமுனை மின்னோடியின் தொடக்க ஆளி என்பது, ஒருமுனை மாறுமின்னோட்டத்தில் இயங்கும் தூண்டல் மின்னோடி போதிய வேகத்தை எட்டியதும் அதன் தொடக்கச் சுருணையை மின்சுற்றிலிருந்து தானாகவே துண்டிக்கும் கருவியாகும். மையவிலக்கு விசையால் இயங்குவதால் இது மையவிலக்கு ஆளி எனவும் அழைக்கப்படுகின்றது. பழுதுபார்ப்போர் வழக்கில் இது சென்ட்ரிபியூகல் சுவிட்சு. வீட்டுக் கிணற்று மோனோபிளாக் எக்கி, பழைய மாவரைக்கும் கிரைண்டர், காற்றழுத்தி, பட்டறைத் துளைப்பொறி ஆகியவற்றின் மின்னோடிகளில் இதனைக் காணலாம்.

உள்ளங்கையில் அடங்கும் இக்கருவியே பழைய ஒருமுனை மின்னோடிகளின் மிக நலிந்த உறுப்பாகும். இது மூடாதுபோனால் மின்னோடி உறுமிக்கொண்டு நிற்கும்; சுருணை எரிந்துவிட்டதாகக் கருதி, நல்ல நிலையில் உள்ள செப்புக் கம்பியை வெட்டியெறிந்து புதிதாகச் சுற்றிவிடுவதும் உண்டு. மாறாக, இது திறவாதுபோனால் நல்ல சுருணையும் சில நிமிடங்களில் கருகிவிடும். ஆகவே ஒருமுனை மின்னோடி பழுதடையும்போது முதலில் ஐயுறவேண்டிய உறுப்புகளுள் இது ஒன்று.

தொடக்க ஆளியின் தேவை

மும்முனை மின்சாரத்தில் இயங்கும் மின்னோடியில் மூன்று சுருணைகளும் சேர்ந்து சுழலும் காந்தப்புலத்தை உருவாக்குகின்றன. சுழலகம் அப்புலத்தைப் பின்தொடர்ந்து தானாகவே சுழலத் தொடங்குகின்றது. ஒருமுனை மின்னோடியில் இருப்பது ஒரே முதன்மைச் சுருணை. அது உருவாக்கும் காந்தப்புலம் சுழல்வதில்லை; ஒரே அச்சில் கூடிக் குறைந்து திசைமாறிக் கொண்டிருக்கும். இதனை, எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு சம வலிமையுள்ள புலங்களின் கூட்டாகக் கருதலாம். சுழலகம் நிற்கும்போது இரண்டும் அதனைச் சமமாக இழுப்பதால் தொடக்க முறுக்குவிசை சுழியமாகின்றது. ஏதேனும் ஒரு திசையில் சற்றுச் சுழன்றுவிட்டால் அத்திசைப் புலத்தின் பிடி மேலோங்கும். அதன்பின் மின்னோடி தன் வேகத்தைத் தானே எட்டிவிடும்.

அந்த முதல் உந்தலைத் தருவதே துணைச் சுருணை எனப்படும் தொடக்கச் சுருணையின் பணி. இது முதன்மைச் சுருணைக்கு 90 மின்பாகைகள் தள்ளி அமைக்கப்படுகின்றது. இதில் பாயும் மின்னோட்டம் முதன்மைச் சுருணையின் மின்னோட்டத்துடன் ஒரே நேரத்தில் உச்சத்தை அடையாதவாறு, மெல்லிய கம்பியால் மின்தடையைக் கூட்டியோ தொடரிணைப்பில் ஒரு மின்தேக்கியைச் சேர்த்தோ வேறுபாடு உண்டாக்கப்படுகின்றது. முதல் வகைக்குப் பிளவுமுனை மின்னோடி என்றும், இரண்டாவதற்கு மின்தேக்கித் தொடக்க மின்னோடி என்றும் பெயர். தொடக்க முறுக்குவிசை மிகுந்தது இரண்டாவது வகையே.

தொடக்கச் சுருணை சில நொடிகள் மட்டுமே மின்னோட்டத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. அதனுடன் வரும் தொடக்க மின்தேக்கியும் அவ்வாறே. கடைகளில் கண்டன்சர் என்று கேட்டால் கிடைக்கும் கறுப்புப் பேக்கலைட்டு உருளைகளில் 80-100, 100-120, 120-150 மைக்ரோபாரட் என அச்சிடப்பட்டிருக்கும். இவை மின்பகுபொருள் வகையைச் சேர்ந்தவை. தொடர்ந்து மின்சாரம் பாய்ந்தால் சூடேறி வீங்கி வெடித்துவிடும். இவ்விரண்டையும் உரிய நேரத்தில் விலக்குவதே தொடக்க ஆளியின் ஒரே பணி.

அமைப்பும் இயக்கமும்

ஆளிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. சுழலும் பகுதி தண்டின் மீது பொருத்தப்பட்டுள்ளது. இதில் இரண்டு எடைத்துண்டுகள், அவற்றை உள்நோக்கி இழுக்கும் சுருள்விற்கள், தண்டின் வழியே நகரக்கூடிய பேக்கலைட்டு வளையம் ஆகியவை உள்ளன. நிலைப்பகுதி, மின்னோடியின் பக்க மூடியின் உட்புறத்தில் திருகப்பட்ட காப்புத் தகடாகும். அதில் பட்டை வில்லின் முனையில் அமைந்த ஒரு சோடித் தொடுமுனைகள் உள்ளன. இவற்றைப் பழுதுபார்ப்போர் பாயின்ட் என்பர்.

மின்னோடி நிற்கும்போது பேக்கலைட்டு வளையம் பட்டை வில்லை அழுத்தித் தொடுமுனைகளைச் சேர்த்து வைத்திருக்கும். வேகம் கூடும்போது எடைத்துண்டுகள் வெளிநோக்கி விரிகின்றன, வளையம் பின்வாங்குகின்றது, பட்டை வில் விடுபட்டுத் தொடுமுனைகள் பிரிகின்றன. பொதுவாக இது ஒத்தியங்கு வேகத்தின் 70 முதல் 80 விழுக்காட்டில் நிகழும். 50 ஏர்ட்சு மின்சாரத்தில் இயங்கும் நான்கு துருவ மின்னோடியின் ஒத்தியங்கு வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்றுகள் என்பதால், 1050 முதல் 1200 சுற்றுகளுக்குள் ஆளி திறந்துவிடும். மோனோபிளாக் எக்கிகளில் பெரும்பாலும் இரண்டு துருவ மின்னோடி இருக்கும். அதன் ஒத்தியங்கு வேகம் 3000 சுற்றுகள். ஆளி திறக்கும் வேகமும் அதற்கேற்ப இரட்டிப்பாகின்றது.

எடைத்துண்டுகள் மெல்ல மெல்ல விரியாமல் ஒரே துள்ளலில் விரியும்படி சுருள்விற்கள் அமைக்கப்பட்டுள்ளன. மெல்லப் பிரியும் தொடுமுனைகளுக்கிடையே மின்பொறி நீடித்து அவற்றைத் தின்றுவிடும் என்பதே இதன் காரணம். திறந்த ஆளி மீண்டும் மூடுவது, திறந்த வேகத்தைக் காட்டிலும் குறைந்த வேகத்தில்தான். மின்சாரத்தை நிறுத்தியபின் மின்னோடி ஓய்ந்து வரும்போது கேட்கும் 'டிக்' என்னும் ஒலி ஆளி மூடும் ஒலியே. பழகிய காதுக்கு இதுவே முதல் சோதனை. ஒலி கேட்டால் சுழலும் பகுதி நகர்கின்றது என்று பொருள். தொடுமுனைகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன என்று பொருளன்று.

வரலாறு

கலிலியோ பெராரிசு, நிக்கோலா தெசுலா ஆகியோர் 1880களில் தனித்தனியே உருவாக்கிய தூண்டல் மின்னோடிகள் ஒன்றுக்கு மேற்பட்ட முனைகளைக் கொண்டவை. ஒரே முனையில் தானாகத் தொடங்கும் மின்னோடியை உருவாக்கும் முயற்சிகள் அதன் பின்னரே பெருகின. தமிழ்நாட்டில் 1932 இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோயம்புத்தூர்ப் பகுதியில் மின்னோடிகளுக்குத் தேவை உண்டானது. 1937 இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அங்கு மின்னோடியை உள்நாட்டிலேயே உருவாக்கினர். பின்னர் எக்கித் தொழிலும் மாவரைக்கும் கிரைண்டர் தொழிலும் அந்நகரில் வேரூன்றின. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மின்னோடிகளின் பெயர்த் தகடுகளுள் பலவற்றில் கோயம்புத்தூர் என்றே பொறிக்கப்பட்டிருக்கும்.

பழுதுகள்

தொடுமுனை மூடாமை. தொடுமுனைகள் கருகிக் குழிவிழுதல், தூசி, துரு, பேரிங்கிலிருந்து கசிந்த கிரீசு ஆகியவற்றால் இது உண்டாகின்றது. எறும்புகளும் ஒரு காரணம். நெடுநாள் ஓடாத மின்னோடியினுள் புகும் எறும்புகள் தொடுமுனைகளுக்கிடையே நசுங்கி மின்காப்புப் படலமாகி விடுகின்றன. இப்பழுதில் மின்னோடி உறுமும், ஆனால் சுழலாது. தண்டைக் கையால் சுழற்றிவிட்டால் அத்திசையிலேயே ஓடத் தொடங்கும். தொடக்கச் சுற்றில்தான் கோளாறு, முதன்மைச் சுருணை நன்றாக உள்ளது என்பதற்கு இது சான்று. எனினும் விரலை இழக்க நேரிடும் சோதனை இது. எக்கியைத் தவறான திசையில் சுழற்றினால், மரையால் பொருத்தப்பட்ட உந்துசக்கரம் கழன்றுகொள்ளவும் கூடும். உறுமும் நிலையில் முதன்மைச் சுருணை இயல்பைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால் சில நொடிகளுக்குள் மின்சாரத்தை நிறுத்திவிடவேண்டும்.

தொடுமுனை திறவாமை. மின்பொறியால் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளுதல், எடைத்துண்டுகளின் முளைகள் துருப்பிடித்து இறுகுதல், பேக்கலைட்டு வளையம் தண்டில் சிக்கிக்கொள்ளுதல் ஆகியவற்றால் இது நேரும். மின்னோடி வழக்கம்போலத் தொடங்கிவிடுவதால் உரிமையாளர் எதையும் ஐயுறுவதில்லை. ஆனால் ஓசை கரகரப்பாகத் தொடரும். உடல் விரைவில் சூடேறும். மின்தேக்கி வெடிக்கும் அல்லது தொடக்கச் சுருணை கருகும். புதிய மின்தேக்கி மாற்றிய சில நாட்களிலேயே அதுவும் வெடித்தால், குற்றம் மின்தேக்கியில் இல்லை.

குறைந்த மின்னழுத்தம். இது ஆளியின் பழுது அன்று எனினும் ஆளியின் வழியாகவே கேடு செய்கின்றது. தூண்டல் மின்னோடியின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடியைச் சார்ந்தது. 230 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்பட்ட மின்னோடிக்கு 180 வோல்ட் மட்டுமே கிடைத்தால் முறுக்குவிசை ஏறத்தாழ 61 விழுக்காடாகக் குறைந்துவிடும். சுமையுடன் தொடங்கும் மின்னோடி ஆளி திறக்கும் வேகத்தை எட்டாமலே தவிக்கும். அல்லது எட்டியதும் ஆளி திறந்து, வேகம் குறைந்து, மீண்டும் மூடி, இவ்வாறு விட்டுவிட்டு இயங்கித் தொடுமுனைகளை எரித்துவிடும். குறைந்த அழுத்த மின்வழங்கலில் மின்னழுத்தம் 6 விழுக்காட்டுக்கு மேல் மாறக்கூடாது என்று இந்திய மின்சார விதிகள், 1956 வரையறுத்தன. 230 வோல்ட்டுக்கு அது ஏறத்தாழ 216 வோல்ட். மின்மாற்றியிலிருந்து தொலைவில், நீண்ட கம்பியின் கடைக்கோடியில் உள்ள கிணற்றுக்கு இந்த அளவு எப்போதும் கிட்டுவதில்லை.

தண்டின் ஆட்டம். பேரிங் தேய்ந்தாலோ, முன்பு பிரித்தவர் அதன் பின்னுள்ள அலைவடிவ வாசரைத் திரும்பப் பொருத்தாது விட்டாலோ தண்டு நீளவாக்கில் நகரும். வளையம் பட்டை வில்லை எட்டாமல் போவதற்கு இதுவே போதும். தொடுமுனைகளைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் தீராத பழுது பல நேரங்களில் இதுவாகவே இருக்கும்.

பண்ருட்டி வட்டாரத்தில்

கடலூர் மாவட்டத்தில் கெடிலம், தென்பெண்ணை ஆறுகளுக்கிடையே அமைந்துள்ள பண்ருட்டி, பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்றது. கடலிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பதால் வடகிழக்குப் பருவமழைக் காலத்துப் புயல்களின் தாக்கம் இங்கு மிகுதி. 2011 திசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் இவ்வட்டாரத்தின் முந்திரி, பலா மரங்களைப் பெருமளவில் வீழ்த்தியதுடன் மின்கம்பங்களையும் சாய்த்தது. 2024 திசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயலைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணையில் பெருவெள்ளம் ஏற்பட்டுக் கரையோர ஊர்கள் நீரில் மூழ்கின.

இத்தகைய நிகழ்வுகள் தொடக்க ஆளிக்கு இருவகையில் பகை. மின்சாரம் இல்லாத நாட்களில் ஓடாது கிடக்கும் மின்னோடியில் ஈரம் இறங்கித் தொடுமுனைகள் களிம்பேறுகின்றன. வெள்ளத்தில் மூழ்கிய மின்னோடியிலோ எடைத்துண்டுகளுக்கும் சுருள்விற்களுக்கும் இடையே வண்டல் படிந்து, காய்ந்தபின் சுண்ணாம்புபோல் இறுகிவிடுகின்றது. மூழ்கிய மின்னோடியை, வெளியே காய்ந்துவிட்டது என்று நம்பி உடனே இயக்குவது அதனை எரிப்பதற்கு ஒப்பாகும். பிரித்து, நல்ல நீரில் வண்டலைக் கழுவி, வெயிலிலோ வெப்ப அறையிலோ முழுவதும் உலர்த்தி, சுருணைக்கும் உடலுக்கும் இடையேயுள்ள காப்புத்தடையை மெகர் கருவியால் அளந்து, அது குறைந்தது 1 மெகாஓம் இருப்பதை உறுதிசெய்தபின்னரே மின்சாரம் தரவேண்டும். பேரிங்குகளில் கிரீசை மாற்றுவதும், ஆளியைத் தனியே கழற்றித் துப்புரவு செய்வதும் இதனுடன் சேர்ந்தவை.

முந்திரி உடைக்கும் இடங்களில் வேறொரு தொல்லையும் உண்டு. முந்திரிக்கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் பிசுபிசுப்பானது, தோலை அரிப்பது. அது படிந்த தூசி எளிதில் உதிராது. இதே எண்ணெயிலிருந்து பிசின்களும் மின்காப்பு வார்னிசுகளும் உருவாக்கப்படுகின்றன என்பது சுவையான முரண். சுருணைக்குக் காப்பாகும் பொருள், தொடுமுனையில் படிந்தால் அங்கும் காப்பாகிவிடுகின்றது.

பழுதை அறிதல்

பக்க மூடியைக் கழற்றுவதற்கு முன் செய்யவேண்டியவை சில உள்ளன. மின்னோடி தொடங்க முயலும் நேரத்தில் அதன் முனைகளிலேயே மின்னழுத்தத்தை அளக்கவேண்டும். வீட்டுக்குள் அளப்பது பயன்தராது. அடுத்து, மின்சாரத்தை முற்றாகத் துண்டித்துத் தண்டைக் கையால் சுழற்றிப் பார்க்கவேண்டும். பல மாதங்கள் ஓடாத எக்கியில் உந்துசக்கரம் துருவால் ஒட்டியிருந்தாலும் மின்னோடி இதேபோல் உறுமும். தண்டு எளிதாகச் சுழன்றால் மின்தேக்கியைச் சோதிக்கலாம்.

மின்தேக்கியைத் தொடுவதற்கு முன் அதிலுள்ள மின்னேற்றத்தை வெளியேற்றுவது கட்டாயம். மின்சாரத்தை நிறுத்தியபின்னும் அதில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். குறிப்பாக, ஆளி மூடாத பழுதில் அது சுருணை வழியே வெளியேற வழியில்லை. திருப்புளியால் இரு முனைகளையும் குறுக்கே இணைத்துப் பொறிபறக்க விடுவது பட்டறை வழக்கம். அது முனைகளையும் மின்தேக்கியையும் கெடுப்பதுடன் கண்ணுக்கும் கேடு. ஏறத்தாழ 10 முதல் 20 கிலோஓம் மதிப்புள்ள, 5 வாட் தாங்கும் மின்தடையைக் காப்பிட்ட கம்பிகளுடன் சில நொடிகள் இணைத்து வைப்பதே முறை.

நல்லதெனத் தெரிந்த மின்தேக்கியை மாற்றிப் பார்த்தும் மின்னோடி தொடங்காவிடில், மின்தேக்கியைக் கழற்றிவிட்டுத் தொடக்கச் சுற்றின் தொடர்ச்சியைப் பல்மானியால் பார்க்கவேண்டும். தொடர்ச்சி இல்லையெனில் ஆளி, சுருணை ஆகிய இரண்டில் ஒன்று அறுபட்டுள்ளது. சில மின்னோடிகளில் ஆளியின் கம்பிகள் இணைப்புப் பெட்டி வரை வருவதால் இரண்டையும் பிரித்தறியலாம். ஏனையவற்றில் பக்க மூடியைத் திறந்தே ஆகவேண்டும். மின்னோடி தொடங்கியும் சூடேறுகின்றது எனில் டாங் டெஸ்டர் கொண்டு மின்னோட்டத்தைக் கவனிக்கவேண்டும். தொடங்கிய ஓரிரு நொடிகளில் மின்னோட்டம் சட்டென்று வீழ்ந்து, பெயர்த் தகட்டில் உள்ள அளவுக்கோ அதற்குக் கீழோ வரவேண்டும். வீழவில்லையெனில் ஆளி திறக்கவில்லை, அல்லது மின்னோடி அந்த வேகத்தையே எட்டவில்லை.

பழுது நீக்குதல்

பிரிப்பதற்கு முன் கம்பிகளின் நிறங்களையும் இணைப்புகளையும் தாளில் வரைந்துகொள்வது நலம். தொடக்கச் சுருணையின் இரு முனைகள் இடம் மாறினால் மின்னோடி எதிர்த்திசையில் சுழலும். எக்கி எனில் மின்னோடி ஓடும், தண்ணீர் மட்டும் குறைவாக வரும். காரணம் புரியாமல் கால்வால்வையும் குழாயையும் குறைகூற நேரிடும். பக்க மூடிக்கும் உடலுக்கும் குறுக்கே உளிக்குறி இட்டுக்கொண்டால் திரும்பப் பொருத்துகையில் மூடி பழைய இடத்திலேயே அமரும். மூடியை மரச்சுத்தியலால் சுற்றிலும் சிறிது சிறிதாகத் தட்டிக் கழற்றவேண்டும். ஆளிக்குச் செல்லும் கம்பிகள் மூடியின் உட்புறத்தில் இருப்பதால் சட்டென்று இழுத்தால் அறுந்துவிடும்.

தொடுமுனைகள் பொதுவாக வெள்ளிக் கலவையால் ஆனவை. இலேசாகக் கருகியிருந்தால் மிக நுண்ணிய அரத்தாலோ மென்மையான மணல்தாளாலோ சமன்செய்து, பின்னர் வெள்ளைத் தாளை இடையே வைத்து இழுத்துத் துடைக்கவேண்டும். எமரித் தாளைத் தவிர்ப்பது நல்லது. அதன் துகள்கள் தொடுமுனையில் புதைந்து மீண்டும் பொறிக்கு வழிவகுக்கும். வெள்ளி தேய்ந்து அடியிலுள்ள செம்பு தெரிந்தால் நிலைப்பகுதித் தகட்டையே மாற்றவேண்டும். தொடுமுனைகளில் எண்ணெயோ கிரீசோ இடக்கூடாது. சுழலும் பகுதியின் முளைகளில் மட்டும், அதுவும் ஒரு துளிக்கு மேற்படாமல், உயவு எண்ணெய் இடலாம். மிகையாக இட்டால் அது சுழற்சியில் தெறித்துத் தொடுமுனைகளையே சென்றடையும்.

சுருள்விற்களுள் ஒன்று தளர்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஒன்று இறுக்கமாகவும் மற்றது தளர்வாகவும் இருந்தால் வளையம் சாய்ந்து தண்டில் சிக்கும். சுருள்வில்லின் ஒரு கண்ணியை வெட்டிச் சுருக்கிப் பயன்படுத்துவதும் உண்டு. அது ஆளி திறக்கும் வேகத்தை உயர்த்திவிடுவதால், சுமையுடன் தொடங்கும்போது ஆளி திறவாமலே போகலாம்.

சுழலும் பகுதியைக் கழற்ற நேர்ந்தால், தண்டின் தோள்பகுதியிலிருந்து அது எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை முதலில் அளந்து குறித்துக்கொள்ளவேண்டும். பழுதுபார்ப்பின் வெற்றி பெரும்பாலும் இந்த ஓர் அளவையே நம்பியுள்ளது. ஓரிரு மில்லிமீட்டர் பின்னே தள்ளிப் பொருத்தினால் தொடுமுனைகள் மூடா. முன்னே தள்ளினால் திறவா. பேரிங் இழுப்பானைத் தவறாகப் பிடித்து இப்பகுதியையும் சேர்த்து நகர்த்திவிடுவது, பேரிங் மாற்றப்பட்ட மின்னோடிகள் மறுநாளே திரும்பி வருவதற்கு ஒரு காரணமாகும்.

புதிய ஆளி வாங்கும்போது தண்டின் விட்டம் மட்டும் பொருந்தினால் போதாது. துருவங்களின் எண்ணிக்கையும் பொருந்தவேண்டும். நிமிடத்துக்கு 2100 சுற்றுகளுக்கு மேல் திறக்கும் இரண்டு துருவ ஆளியை, 1440 சுற்றுகளில் ஓடும் நான்கு துருவ மின்னோடியில் பொருத்தினால் அது ஒருபோதும் திறவாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் இப்பிழை எளிதில் நேர்கின்றது.

மூடியைத் திரும்பப் பொருத்தியபின், திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கித் தண்டு கையால் தங்குதடையின்றிச் சுழல்வதை உறுதிசெய்யவேண்டும். மின்சாரம் தருவதற்கு முன் ஆளியின் கம்பி எதுவும் உடலில் உரசவில்லை என்பதை மெகர் கொண்டு பார்த்து, நில இணைப்புக் கம்பியை அதற்குரிய திருகில் கட்டவேண்டும். கிணற்றடியின் ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு மின்னோடியின் உடலில் கசியும் மின்சாரம் உயிருக்கே ஆபத்தானது. 30 மில்லிஆம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் காப்பு ஆளி அத்தகைய இடங்களில் இருப்பது நன்று. முதல் ஓட்டத்தைச் சுமையின்றி நடத்தி, 'டிக்' ஒலியையும் மின்னோட்ட வீழ்ச்சியையும் கவனித்த பின்னரே சுமையேற்றவேண்டும். எனினும் எக்கியைத் தண்ணீரின்றி சில நொடிகளுக்கு மேல் ஓட்டினால் அதன் நீரடைப்பு வளையம் கெட்டுவிடும்.

மாற்று வழிகள்

ஆளி கிடைக்காதபோது அதனை நீக்கிவிட்டு, தொடக்கச் சுருணையை வெளியே ஓர் அழுத்துபொத்தானுடன் இணைத்துவிடுவது தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் காணப்படும் வழக்கம். பொத்தானை ஓரிரு நொடிகள் அழுத்திப் பிடித்து, மின்னோடி வேகம் எடுத்ததும் விடவேண்டும். இயக்குபவர் அறிந்தவராக இருக்கும்வரை இது வேலை செய்யும். மின்சாரம் போய்த் திரும்பும்போது மின்னோடி தானாகத் தொடங்காது. முதன்மை ஆளியை நிறுத்த மறந்திருந்தால் உறுமிக்கொண்டே நின்று எரிந்துவிடும். ஆகவே மிகைச்சுமைத் துண்டிப்பான் இன்றி இவ்வழியைக் கையாளலாகாது.

தொடக்க மின்தேக்கிக்கு மாற்றாகச் சில மைக்ரோபாரட் மதிப்புள்ள, 440 வோல்ட் தாங்கும் இயங்கு மின்தேக்கியை நிலையாக இணைத்து ஆளியையே தவிர்க்கலாம் என்றும் சிலர் கூறுவர். மின்விசிறிக்கு இது பொருந்தும். கல் குழவியுடன் மாவைச் சுமந்து தொடங்கும் கிரைண்டருக்கும், அழுத்தத்தை எதிர்த்துத் தொடங்கும் காற்றழுத்திக்கும் பொருந்தாது. மேலும் தொடர்ந்து மின்சாரம் பாய்வதற்கு ஏற்றதாகப் பழைய தொடக்கச் சுருணை சுற்றப்படவில்லை. மின்னோட்டத்தையோ மின்னழுத்தத்தையோ உணர்ந்து துண்டிக்கும் வெளிப்புற ரிலே இதனினும் சிறந்த மாற்று. ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கி எக்கிகளின் மின்னோடி நீருக்குள் இருப்பதால், அவற்றின் தொடக்கக் கருவிகள் தரைமேல் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியில் அமைக்கப்படுகின்றன. மையவிலக்கு ஆளி அவற்றில் இல்லை.